சுற்றுலாவுக்கு வந்த அண்ணி

சுற்றுலா அலுவலகத்தில் அவரை ரேடியோ சார் என்றுதான் கூப்பிடுவார்கள். காலை எட்டரைக்கு வாயைத் திறந்தால் மாலை ஐந்தரைக்குத்தான் மூடுவார். இருபத்தாறு வருடங்களாகத் தனிச்சுற்றுலா வழிகாட்டி. பேருந்தில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போய்க் கொடி பிடித்து மேய்க்கிற வேலை அவருக்கு ஆகாது. ஒரு குடும்பம், ஒரு கார், ஒரு முழு நாள், நான்கு சரித்திர இடங்கள். கோட்டை, குளியல் மாளிகை, கிசுகிசு மண்டபம், மணிக்கூண்டு. ஒருமுறை அவரோடு போய்வந்தவர்கள் அடுத்த வருடம் தங்கள் மைத்துனனையும் சம்பந்தியையும் அனுப்பிவைத்து, அதே ஆள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள்.

அவ்வளவு கிராக்கிக்குக் காரணம் சரித்திரம் இல்லை. ராஜா பிறந்த வருடமும் செத்த வருடமும் யார் சொன்னாலும் ஒன்றுதான். ரேடியோ சாரிடம் இருந்த சரக்கு வேறு. அவர் தன் மனைவியை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். எந்தக் கல்லைக் காட்டினாலும் முதலில் ராஜா வருவார், பின்னாலேயே "எங்க வீட்டம்மா" வருவாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பதினொரு வருடமாக அவருக்குக் கார் ஓட்டும் ஓட்டுநர் இதற்கு அண்ணி கதை என்றே பெயர் வைத்திருந்தான். அந்த அண்ணியை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. மாலையில் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போய்விடுவதோடு சரி.

வீட்டில் ரேடியோ சார் வேறு ஆள். ஒன்பது மணி நேரம் கத்திவிட்டு வருகிற தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருத்துவர் சொல்லியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியதுமே சைகைதான். பசிக்கிறது என்றால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார், வேண்டாம் என்றால் கையை ஆட்டுவார். மனைவி பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிடுவாள். தான் ஏதாவது கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டிவருமே என்று கேட்கவும் மாட்டாள். அக்காவோடு போன் பேசுவதென்றால்கூடக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். "அப்பாவுக்குத் தொண்டை" என்பது மகன் சின்ன வயதில் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியங்களில் ஒன்று. இப்போது அவனும் வேலை கிடைத்து வேறு ஊரில் இருக்கிறான். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம்தான் பெரிய சத்தம்.

அன்றைக்கு அலுவலகத்தில் கொடுத்த தாளில் வாடிக்கையாளர் ஒரே ஒரு பெண், முழு நாள், பிறந்தநாள் பரிசு என்று எழுதியிருந்தது. ஏற்றிக்கொள்ள வேண்டிய இடம் தபால் நிலைய வாசல். எட்டரை மணிக்கு அங்கே போய்ப் பார்த்தால் கையில் குடையும் தோளில் பையுமாக நின்றுகொண்டிருந்தது அவருடைய மனைவி.

"என்ன, கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேனா?" என்று கேட்டார்.

"கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்கு. நான் டூருக்கு வந்திருக்கேன்" என்று ரசீதை எடுத்துக் காட்டினாள்.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று மகன் கேட்டிருக்கிறான். உங்கப்பா வேலை செய்வதை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவன் தன் பெயரில் பணம் கட்டிவிட்டான். இவள் மருந்துக் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, அவர் கிளம்பிய பத்தாவது நிமிடம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். இரண்டு நிபந்தனைகள். மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வாரோ அப்படியே தனக்கும் சொல்ல வேண்டும். ஓட்டுநரிடம் தான் யார் என்று சொல்லக்கூடாது, சொன்னால் அவன் மரியாதை காட்டி எல்லாவற்றையும் கெடுத்துவிடுவான்.

ரேடியோ சார் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே சொல்வதாவது! இருபத்தாறு வருடமாக ஊர் உலகத்துக்கெல்லாம் கேலிப்பொருளாக்கிய பெண்ணைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு அப்படியே எப்படிச் சொல்வது? எப்படியாவது மாலை ஐந்தரை வரை அண்ணி கதை இல்லாமல் ஓட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். தள்ளி நிறுத்தியிருந்த காருக்கு இருவரும் வந்ததும் ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க மேடம்" என்றான்.

கோட்டை மதிலுக்கு முன்னால் நின்று ஆரம்பித்தார். இதைக் கட்டி முடிக்க இருபத்திரண்டு வருடம் ஆனது. எதிரி மூன்று தடவை படையோடு வந்தான், மூன்று தடவையும் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். இந்த இடத்தில், எங்க வீட்டம்மா ஒரு முடிவு எடுத்துவிட்டால் நானும் இப்படித்தான் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவேன் என்று வர வேண்டும். அதை விழுங்கிவிட்டார். ஆனால் பழகின வாய், சிரிப்புக்காக எப்போதும் நிறுத்துகிற இடத்தில் தானாக நின்றுவிட்டது. அந்த இடைவெளியில், பின்னால் குடை பிடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் பழக்கதோஷத்தில் கடகடவென்று சிரித்தான். பிறகு எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமல் விழித்தான்.

மனைவி ஓட்டுநரைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். குழப்பத்தில் அவர் பிற்காலத்தில் கோட்டை விழுந்த வருடத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். அதை மட்டும் மெல்லத் திருத்தினாள். கல்யாணமான முதல் வருடம் அவர் வழிகாட்டி உரிமத்துக்குப் பரீட்சை எழுதியபோது, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் கேள்வி கேட்டவள் அவள்தான். அது அவருக்கு மறந்தே போயிருந்தது.

குளியல் மாளிகையிலும் அதே அவஸ்தை. உள்ளே ராணி குளித்து அலங்காரம் முடிக்கும்வரை ராஜா வெளியே காத்திருந்த கல் இருக்கை ஒன்று இருக்கிறது. நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். அதைக் காட்டிவிட்டு அவர் வாயை இறுக்கிக்கொண்டார். ஓட்டுநரால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, அந்த வாசல் நாற்காலி?" என்று எடுத்துக் கொடுத்தான். ரேடியோ சார் அவனைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் வேலையை விட்டே போயிருப்பார்கள். இவனோ, பாவம், அண்ணனுக்கு இன்று உடம்பு சரியில்லை போலிருக்கிறது, பணம் கட்டி வந்த மேடம் ஏமாந்து போகிறார்களே என்று நிஜமாகவே வருத்தப்பட்டான்.

அந்த வருத்தத்தில்தான் வந்தது வினை. மதியம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ரேடியோ சார் வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பும்போது ஓட்டுநர் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவர் வீட்ல அண்ணி இருக்காங்க மேடம். அவங்க கிளம்பறதுக்குள்ள இவர் வாசல் நாற்காலில உக்காந்து உக்காந்து, அந்த நாற்காலியும் அந்த ராஜா கல்லு மாதிரி குழிஞ்சே போச்சாம்."

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டு வாசலில் அப்படி ஒரு நாற்காலி உண்மையிலேயே இருந்தது. மதில் கதையையும் கேட்டுச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று ரேடியோ சார் தூணோரம் நின்றபடி யோசித்தார். பிடித்திருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தப்பித்தோம், நல்லவேளை, கோபக்காரி இல்லை என்று ஆறுதல்பட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மூணாவதுதான் மேடம் பெரிசு" என்றான் ஓட்டுநர். "அடுத்து போறமே, கிசுகிசு மண்டபம். இந்த மூலைல மெதுவா பேசினா அந்த மூலைல கேக்கும். அண்ணிக்கு அந்த மண்டபமே தேவையில்லையாம். அவங்க அடுப்படியில பேசினா அடுத்த தெருவுல மூணு வீடு பதில் சொல்லுமாம். காலைல ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் வாய் ஓயாதாம். அண்ணன் வேலைக்கு வர்றதே காதுக்கு ஓய்வு குடுக்கத்தானாம்."

அவள் சிரிக்கவில்லை. தட்டில் மீதி இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள், கை கழுவிக்கொண்டு வந்தாள், போகலாமா என்று கேட்டாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூட ரேடியோ சாருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

கிசுகிசு மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவரை ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நிற்கவைத்துவிட்டு, வழிகாட்டி நாற்பது அடி தள்ளி எதிர் மூலைக்குப் போய்ச் சுவரில் காதை வைப்பார். வந்தவர் மெதுவாக ஏதாவது பேசுவார். வளைந்த கூரை அதை அப்படியே கொண்டுவந்து சேர்க்கும். குழந்தைகள் கெட்ட வார்த்தை சொல்லிப் பார்க்கும், புது மாப்பிள்ளைகள் அசடு வழிவார்கள். இருபத்தாறு வருடத்தில் அந்தச் சுவரில் அவர் கேட்காதது இல்லை.

அவள் தன் மூலையில் போய் நின்றாள். அவர் தன் மூலையில் காதை வைத்தார். பிறகு அவள் குரல், பக்கத்துத் தலையணையிலிருந்து வருவது போல அவ்வளவு அருகில் கேட்டது.

"நான் எப்பங்க பேசினேன்?"

அவருக்குக் கோபுரம் தெரியும், கொத்தளம் தெரியும், ராஜாவின் மூன்றாவது ராணிக்குப் பிடித்த பூ என்னவென்று தெரியும். மருந்துக் கடையில் ஊர்க்கதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வருகிறவள், அதைச் சொல்ல ஆள் இல்லாமல் தினமும் வெந்நீர் வைத்தாளே, அது அவருக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. அவருடைய தொண்டைக்காக அவள் தன் வாயைக் கட்டிக்கொண்டாள். அவர் ஊரெல்லாம் போய் அவளை வாயாடி ஆக்கினார். நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

சுவரில் வாயை வைத்துச் சொன்னார். "தப்பு. ரொம்பத் தப்பு."

சுவரோடு இன்னும் ஒட்டி நின்றார்.

"மணிக்கூண்டுல நீ சொல்லு. நான் கேக்கறேன்."

மணிக்கூண்டின் அடியில் அவர் வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் தன் பட ஆல்பத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றார். ஓட்டுநர் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் நின்றான். முதலில் அவள் குரல் எழும்பவில்லை. கட்டிய வருடம், கல் வந்த ஊர், மணியின் எடை என்று பரீட்சைக்கு ஒப்பிப்பது போலச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. அவர் பல வருடமாகப் படிகளின் எண்ணிக்கையில் பத்தைக் கூட்டிச் சொல்லி வந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. போகப் போகக் குரல் தெளிந்தது. போரில் மணியின் நாக்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அதன் பிறகு மணி அடிக்கவே இல்லை என்ற இடத்துக்கு வந்தாள். ஆல்பத்தை மூடினாள்.

"முந்நூறு வருஷமா இது ஒரு வார்த்தை பேசாம நிக்குது. ஜனங்க காசு குடுத்து வந்து பாக்கறாங்க. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, சாயந்திரம் ஆறு மணிக்கு வந்துரும். இருபத்தாறு வருஷமா ஓசியில பாத்துட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு, சிரிப்புக்கு இடம் விட்டு நிறுத்தினாள். காலையில் கோட்டையில் அவர் நிறுத்திய அளவு, ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் மோவாய் காட்டிய திசையில் திரும்பினான், அங்கே ரேடியோ சார் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்த்தான். பாதியில் சிரிப்பு நின்றது. குடை கையை விட்டு நழுவியது.

"அண்ணி?" என்றான்.

மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவன் ஒருவழியாகிவிட்டான். நாற்காலி கதை நன்றாகத்தான் இருந்தது, அதை வைத்துக்கொள்ளலாம் என்று அவள்தான் அவனைத் தேற்றினாள். மூன்றாவதை மட்டும் இனி சொல்லக்கூடாது என்றாள். அதை அவனிடம்தான் சொன்னாள். ரேடியோ சாரும் தலையாட்டினார்.

திரும்பும் வழியில் காரில் அவள் பேச ஆரம்பித்தாள். மருந்துக் கடைக்கு ஒரு பெரியவர் வருவாராம். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு பாட்டில் இருமல் மருந்து வாங்குவாராம். ஆனால் ஒருநாளும் இருமிப் பார்த்ததில்லை. யாருக்கு என்று கேட்டால் சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. கடை சாத்துகிற நேரத்துக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மாள் வந்தாளாம், காலி பாட்டில்கள் நிறைந்த ஒரு பையைக் கல்லாப் பலகையின் மேல் வைத்தாளாம்.

கார் தெருமுனைக்கு வந்து நின்றது. ஓட்டுநர் என்ஜினை அணைத்தான், கதவைத் திறக்கவில்லை.

"இது எப்ப நடந்தது?" என்று ரேடியோ சார் கேட்டார்.

"ஒம்பது வருஷம் இருக்கும். அன்னிக்கு சாயந்திரமே உங்ககிட்ட சொல்லணும்னு ஓடி வந்தேன். உங்களுக்குத் தொண்டை."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

அவள் பையைத் திறந்து பிளாஸ்கை எடுத்தாள். காலையில் அவருக்காக ஊற்றிக்கொண்டு வந்த வெந்நீர். மூடியில் ஊற்றினாள். அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. "எனக்குத் தொண்டை வறண்டு போச்சுங்க" என்று சொல்லிவிட்டு, ஊதி ஊதி, நிதானமாகத் தானே குடித்தாள். முன்சீட்டில் ஓட்டுநர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அப்புறம்?" என்றார்.