பஞ்சு இருந்த விரதம்

போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, என் பக்தியாலேயே ஓர் உயிரைக் கொல்லப் பார்த்தேன். வாரம் தவறாமல் என்னோடு பஜனையில் உட்காரும் உங்களிடம் இதை மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர். வந்ததிலிருந்து பேச்சே கிடையாது. கேட்டால் ‘ம்’, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகும்போது தன் வெள்ளை முயலை எங்களிடம் விட்டுப் போனாள். பெயர் பஞ்சு. அதனிடம் மட்டும் அவர் பேசினார். காலையில் அருகம்புல்லை நீட்டிக்கொண்டு, எல்லைப் பனி, மூன்று நாள் ரயில் பயணம், கூட இருந்த ஆட்கள் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொள்வேன். என் புருஷன் குரலை நான் கேட்டதே அந்த முயல் புண்ணியத்தில்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே பஞ்சு புல்லைத் தொடவில்லை. சனிக்கிழமை விடிந்தும் மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதுவும் பெருமாளுக்கு விரதம் இருக்கிறது என்று. போட்டோ எடுத்து, ‘எங்கள் பஞ்சுவும் சனிக்கிழமை விரதம்’ என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். உங்களில் எத்தனை பேர் கைகூப்பி அனுப்பினீர்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்காரர் அதிசயமாக என்னிடம் வந்து நின்றார். “ஏட்டி, நேத்துலருந்து ஒரு புழுக்கை கூடப் போடல. இதுக்கு மேலுக்கு முடியல” என்றார். நல்ல நாளும் அதுவுமாக வாயை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, துளசி மாலையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கூட்டம் உங்களுக்குத் தெரியாததா. வெயிலில் நகர்ந்து நகர்ந்து மலைப்படி ஏறி, சன்னதி வாசல் தெரிகிற இடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. எனக்குப் போனே செய்யாத மனுஷன். பஞ்சுவின் காது சில்லென்று ஆகிவிட்டது, பல்லை நறநறவென்று கடிக்கிறது, வயிறு கல்லாட்டம் இருக்கிறது என்றார். தெரிந்த மாட்டு டாக்டரைக் கேட்டாராம். முயலுக்குப் பார்த்துப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டாராம். பிறகு குரல் உடைந்து, “நீ வாட்டி” என்றார். அவ்வளவுதான்.

பஞ்சு போனால் அந்தக் குரலும் போய்விடும். பேச்சில்லாத வீட்டில் மிச்ச காலத்தை எப்படி ஓட்டுவேன்? இன்னும் பத்துப் படி ஏறினால் பெருமாள். நின்ற இடத்திலேயே கண்ணை மூடினேன். “சீனிவாசா, நான் ஒன்னப் பாக்காமப் போறேன். நீ போயி அதப் பாரு” என்றேன். மாலையைப் பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மாவிடம் கொடுத்து, நீங்களே சாத்திவிடுங்கள் என்றேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். முயலுக்காக என்று சொல்ல எனக்கே கூச்சம். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எங்க நாத்தனா மக கால்நடை டாக்டருதான். முயலெல்லாம் பாப்பா. இன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீட்டுலதான் இருக்கா” என்று அங்கேயே போன் போட்டுக் கொடுத்தார். அந்த மலையில் அம்புட்டுக் கூட்டத்தில், என் முதுகுக்குப் பின்னால் இவரைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

அவருக்கு விவரம் சொல்லிவிட்டு மலையிறங்கி டாக்டர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் பஞ்சுவைத் துண்டில் சுற்றி, கூடையில் வைத்து ஆட்டோவில் அங்கே வந்து சேர்ந்தார். டாக்டருக்குச் சின்ன வயதுதான். காதைத் தொட்டார், வயிற்றை மெல்ல அமுக்கினார், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை காலைப் பூஜையில் வைத்த சர்க்கரைப் பொங்கலை ஊட்டியதை மென்று விழுங்கிச் சொன்னேன். பிரசாதத்தை யாருக்கும் இல்லை என்று சொல்லக்கூடாதே! விரதக் கதையையும் சொன்னேன்.

“முயலுக்கு வெரதம்னு ஒண்ணு கெடையாதும்மா. அர நாள் சாப்பிடல, புழுக்கை போடலன்னா ஓடி வந்துரணும். கொடலு நின்னுபோச்சுன்னா பொறவு காப்பாத்துறது கஷ்டம்” என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசி போட்டு, தோலுக்கடியில் சலைன் ஏற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் அணைத்து வைத்தார். புழுக்கை வந்தால் பிழைத்தது, அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கடவுளிடம் பொன் கேட்பவர்கள் உண்டு, பிள்ளை கேட்பவர்கள் உண்டு. முயல் புழுக்கை கேட்டு நாராயணா நாராயணா என்று உருப்போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பொழுது சாய்கிற நேரம், வீட்டுக்காரர் மடியிலிருந்த துண்டை விலக்கிப் பார்த்தார். “ஏட்டி, வந்துருச்சு” என்றார். மிளகு போல இரண்டே இரண்டு. தீர்த்தம் வாங்குகிற மாதிரி உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பிரசாதம்.

செத்த நேரத்தில் பஞ்சு ஒரு கொத்தமல்லித் தழையை இழுத்துக் கடித்தது. வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெருமாளு வெரதத்த முடிச்சு வச்சுட்டாரு” என்றார். பட்டாளத்திலிருந்து வந்தபின் அவர் என்னிடம் சொன்ன முதல் வேடிக்கை அது.

இப்போது காலையில் விளக்கேற்றுவதற்கு முன்னால் கூண்டைப் பார்க்கிறேன். புல் குறைந்திருக்கிறதா, புழுக்கை கிடக்கிறதா, காது வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திரி போடுகிறேன். பொங்கல் எங்களுக்கு, புல் அதற்கு. என் பக்தியை வாயில்லாத ஜீவன் தலையில் ஏற்றுவதில்லை.

நான்காம் சனிக்கிழமை மறுபடி மலையேறினேன். ஏறக்குறைய அதே படியில் நிற்கும்போது போன் அடித்தது. அவர்தான். பதறிக்கொண்டு எடுத்தேன்.

“ஏட்டி, பஞ்சு சாப்பிட்டுருச்சு. நீ எப்ப சாப்பிடுவ?” என்றார்.

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் முயலைத்தான் கேட்டேன். அந்தச் சீனிவாசன் என் புருஷனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். உங்களுக்கும் ஏதோ குறை இருக்கும். வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற சின்னக் குறையாகக்கூட இருக்கும். அதையும் கேளுங்கள். பத்துப் படி கீழே நின்று கேட்டாலும் அவனுக்குக் கேட்கிறது.