மூணு பட்டை சேவியர்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் என் லாரியின் இன்ஜினை அணைத்தேன். எண்ணூர் சாலையில் நின்று பழகாதவர்களுக்கு இந்த முடிவின் கனம் விளங்காது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது ஒருவன் இன்ஜினை அணைக்கிறான் என்றால், தன் முறை வந்தாலும் வேண்டாம் என்று ஊரறியச் சொல்கிறான் என்று பொருள். இருபத்தாறு வருடத்தில் நான் அதைச் செய்ததில்லை. அணைத்துவிட்டு, பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வரிசையில் செய்தி சன்னல் வழியாகத்தான் வரும். முன்னால் இருப்பவர் தலையை நீட்டிக் கத்துவார், பின்னால் இருப்பவர் அதைத் தனக்குப் பின்னால் அனுப்புவார். பதினோரு வண்டி தாண்டி என்னிடம் வந்தபோது மிஞ்சியிருந்தது இவ்வளவுதான்: "சேவியர் வண்டி நகரல, வாத்யாரே." தன் வண்டியின் முன் ஸ்பிரிங்கைத் தானே மாற்றிக்கொண்டவர் சேவியர் என்பது வரிசையில் எல்லோருக்கும் தெரியும். அது ஒருநாள் முறியும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்று கொஞ்சம் வேகமாகவே நடந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங் நன்றாக இருந்தது. சேவியர் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். மாரடைப்பு, அப்போதே உயிர் போயிருந்தது என்று பிறகு சொன்னார்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வர இடமில்லாததால், லாரிகளுக்கு நடுவே நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ராயபுரம் சேவியரும் திருவொற்றியூர்க்காரனான நானும் ஒரே மாதத்தில் ஒரே மாதிரி வண்டி வாங்கியவர்கள். இரண்டிலும் முன் அச்சின் ஒவ்வொரு பக்கமும், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பத்து இரும்புப் பட்டை கொண்ட ஸ்பிரிங். அந்தப் பத்துப் பட்டை எந்தப் பள்ளத்தையும் தாங்கும். தாங்கியதை அப்படியே ஓட்டுநரின் முதுகெலும்பிடம் ஒப்படைத்துவிடும். ஐம்பத்து நான்காவது வயதில் சேவியரின் இடது கால் மரத்துப்போனது. டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு, வண்டியின் ஆட்டத்தைக் குறை, இல்லையென்றால் வண்டியை விட்டுவிடு என்றார். சேவியருக்கு வேறு வேலை தெரியாது. கிளச்சை மிதிக்கும் கால் போனால் வண்டியை விற்க வேண்டியதுதான்.

ஆட்டத்தைக் குறைக்க வழி இருந்தது. பத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, தடித்து வளைந்த மூன்று பட்டை மாட்ட வேண்டும். ஷோரூமிலேயே மாட்டிக் கொடுப்பார்கள். வெளியில் மாட்டினால் வாரண்டி போய்விடும். டோல்கேட் டீக்கடையில் இதை நான் அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். வாரண்டிப் புத்தகம் முழுவதையும் படித்தவன் நான். அந்த வகையில் வடசென்னையிலேயே தனி ஆள்.

"வண்டிக்கு வாரண்டி கீது, சரி. என் முதுகுக்கு எவன் குட்த்தான்?" என்றார் சேவியர்.

"அவசரப்படாத சேவியரு. கம்பெனி வேலைன்னா கம்பெனி வேலதான்."

"நீ கம்பெனிக்குப் போ, வாத்யாரே. நா எங்க நிக்கிறனோ அங்கயே மாட்டிக்கிறேன். எப்டியும் நின்னுகினுதான கீறோம்?"

அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே மணலி புதுநகரில் ஒரு வியாபாரியிடம் ஸ்பிரிங் வாங்கி, கேபினில் சீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வரிசைக்கு வந்துவிட்டார். அந்த வரிசை ஒன்றரை நாளாக ஓர் அடி நகரவில்லை. இன்னொரு நாளும் நகராது என்று எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். சேவியர் சாலையிலேயே ஜாக்கி போட்டு, முன் சக்கரங்களைக் கழற்றி, பழைய பட்டைகளை இறக்கினார். இடது பக்கம் மாட்டி முடித்து, வலது பக்கம் கை வைத்தபோது வரிசை நகர்ந்தது.

சாதாரணமாக நகரவில்லை. அரை கிலோமீட்டர் நகர்ந்தது. அவருக்கு முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. பின்னால் அறுபது லாரிகள் ஒரே குரலில் ஹாரன் அடித்தன.

"யோவ், ஸ்பிரிங் மாத்த ரோடுதான் கெடச்சுதா?" என்று ஒருவர் கத்தினார்.

வண்டிக்கு அடியிலிருந்து சேவியரின் குரல் மட்டும் வந்தது: "ரோடா? ரெண்டு நாளா இத்த ஸ்டாண்டுன்னு நெனச்சிகினு கீறேன், நைனா!"

திட்டியவர்களில் நான்கு பேர் கடைசியில் இறங்கி வந்து பட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். வேறு வழியில்லை, அவர் போகாமல் அவர்களும் போக முடியாது. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்றிலிருந்து அவர் மூணு பட்டை சேவியர். இரண்டு மாதத்தில் காலில் உணர்ச்சி திரும்பியது. "இவரு முதுகுக்குத் தைலம் தேச்சுத் தேச்சு என் கைதான் தேஞ்சிச்சு, இப்பதான் எனுக்கு லீவு," என்றார் அவர் மனைவி பிலோமினா.

என் முதுகும் நோகத் தொடங்கியிருந்தது. மூன்று பட்டை மாட்ட நான் முறைப்படி ஷோரூமுக்குப் போனேன். ஸ்பிரிங் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று பத்தொன்பது நாள் வண்டியை உள்ளேயே வைத்திருந்தார்கள். தினமும் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் நின்ற என் வண்டியைப் பார்த்துவிட்டு வருவேன். குளிர்சாதன வசதி நன்றாக இருந்தது. கடைசியில் மாட்டி, போல்ட்டுகளை இறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டார்கள். கோடு கலைந்தால் வெளியாள் கை வைத்ததாக அர்த்தம். புது ஸ்பிரிங் படிந்து உட்கார்ந்ததும் போல்ட் கொஞ்சம் தளரும். ஐந்நூறு கிலோமீட்டர் அல்லது பத்து நாள், எது முந்துகிறதோ அப்போது வந்து இறுக்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். எழுதியும் கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் நான் வரிசையில் இருந்தேன். ஓடியிருந்தது நாற்பத்தொரு கிலோமீட்டர். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, ஒரு பக்கம் தடுப்புச்சுவர், மறுபக்கம் கடல். பன்னிரண்டாம் நாளும் அங்கேயே இருந்தேன். வண்டி சற்று நகர்ந்தாலே அச்சுப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். சேவியர் அதைக் காதால் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எட்டு போல்ட்டையும் இறுக்கிவிட்டார். சத்தம் போய்விட்டது. மஞ்சள் கோடும் போய்விட்டது.

வரிசையில் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். சேவியர் நிஜமாகவே வருத்தப்பட்டார். மறுநாள் ராயபுரம் வளையல் கடையிலிருந்து மஞ்சள் நகப்பாலீஷ் ஒன்றோடு வந்து, வண்டிக்கு அடியில் படுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எட்டு கோடும் வரைந்தார். "கம்பெனிக்காரன் இவ்ளோ நேரா போட மாட்டான், பாத்துக்கோ," என்றார்.

அதில்தான் மாட்டிக்கொண்டோம். ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், முகர்ந்தார். "சார், எங்க பெயின்ட்ல ஜிகினா இருக்காது," என்றார். மரியாதையான பையன். இனி இரண்டே வழிதான் என்றார். இப்படியே ஓட்டலாம், வாரண்டி கிடையாது. அல்லது பழைய பத்துப் பட்டையையே திரும்ப மாட்டிக்கொண்டால் வாரண்டி தொடரும். நான் ஓர் இரவு முழுக்க யோசித்தேன். புத்தகத்தை இன்னொரு முறை படித்தேன். பிறகு பத்துப் பட்டையை மாட்டிக்கொண்டேன்.

சேவியர் அதற்காக என்னை ஒருபோதும் கேலி செய்யவில்லை. "பேப்பரு மேல ஒக்காந்து எத்தினி நாள் ஓட்டுவ, வாத்யாரே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வாரண்டி முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது என்று பதில் சொன்னேன். அவர் கேட்டது அது இல்லை என்பது எனக்கும் தெரியும்.

அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று, அவர் வண்டி வரிசையின் நடுவில் நின்றது. சரக்கு உள்ளே போயாக வேண்டும். பிலோமினாவைக் கேட்டுக்கொண்டு, என் வண்டியைப் பின்னால் இருந்தவரின் கிளீனரிடம் விட்டுவிட்டு, கேட் வரை நான் ஓட்டினேன். நான்கு மணி நேரம். பள்ளம் எல்லாம் எனக்கு மனப்பாடம்; ஒவ்வொன்றும் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். முதுகுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. என் வண்டியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன்; அன்று உள்ளே நிறுத்தியபின் பிடிக்காமல் இறங்கினேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். வரிசையில் யார் இறங்கி வந்தாலும் சேவியர் நலம் விசாரிக்க மாட்டார், "முதுகு இன்னா சொல்லுது?" என்றுதான் கேட்பார். இப்போது நான் கேட்கிறேன். இறங்கி வந்தவர்கள் பதில் சொல்லிவிட்டு என்னையும் திருப்பிக் கேட்கிறார்கள்.

போன வாரம் எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வண்டியை விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். பார்க்க வந்தவர் முதலில் கேட்டது வாரண்டி இருக்கிறதா என்றுதான். முடிந்து ஐந்து மாதம் ஆகிறது.