பெயில் சார் மூச்சுவிட்ட கதை

ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்துகிற அந்த அதிகாரிக்கு மைதானத்தில் பெயில் சார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் வேறு பெயரில் கூப்பிட்டதும் இல்லை. ஓட்டுகிறவரின் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். திடீரென்று அவருடைய ஆள்காட்டி விரல் கதவைக் காட்டும். இறங்கு என்று அர்த்தம். காரணம் சொல்வதைத் தன் கௌரவத்துக்குக் குறைவாக நினைத்தார்.

வீட்டிலும் இதே விரல்தான். சட்டையின் இஸ்திரி பெயில், குளிக்கிற தண்ணீரின் சூடு பெயில், மகள் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை பெயில். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த மனைவி இதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்வதை என்றைக்கோ விட்டிருந்தாள்.

இப்படிப்பட்ட மனிதர் பாதத்தில் வந்த கால் ஆணியை டாக்டரிடம் காட்டுவாரா? பழைய பிளேடை எடுத்துத் தானே அறுத்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"அவன் மட்டும் என்ன, தங்கத்துல பிளேடு வச்சிருக்கானா?"

காயம் சீழ் பிடித்தது. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைத் தைத்தவனுக்கு அளவு தெரியவில்லை என்று திட்டிவிட்டு, காய்ச்சலோடு வேலைக்குப் போனார்.

அன்றைக்குத் தேர்வுக்கு வந்தவள் அழகு நிலையம் நடத்துகிற பெண். அவரிடம் இரண்டு முறை தோற்றவள். வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது கதவைக் காட்டத் தூக்கிய விரல் நடுங்கி விழுந்தது. பெயில் சார் உளறினார், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார். அவள் யாரையும் கூப்பிட்டுக்கொண்டு நிற்கவில்லை. அதே வண்டியை நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

காலில் இருந்த கிருமி ரத்தத்துக்குள் இறங்கி, உடம்பு மொத்தத்தையும் ஆட்டிவைத்திருந்தது. செப்சிஸ் என்றார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு வென்டிலேட்டரில் போட்டார்கள். மெஷின் காற்றை உள்ளே தள்ளியது, வெளியே விட்டது. பெயில் சார் யாரையும் குறை சொல்லாமல் கிடந்தார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி அப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை. அதற்காகச் சந்தோஷப்படவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மருந்து வேலை செய்தது. கிருமி அடங்கியது, காய்ச்சல் இறங்கியது, கண் விழித்தார். இனி மெஷினைக் குறைத்து, தானாக மூச்சுவிடுகிறாரா என்று சோதிக்க வேண்டும். அந்தப் பரீட்சையில் பெயில் சார் பெயிலானார். நெஞ்சு துடித்தது, வியர்த்துக் கொட்டியது. மறுபடி மெஷினுக்கே போனார். அடுத்த முறையும் அதே கதி. விரலைத் தூக்கி டாக்டருக்குக் கதவைக் காட்டினார்.

"மருந்து கேட்டுடுச்சுன்னு சொன்னீங்களேம்மா. அப்புறம் ஏன் மூச்சு விட முடியலை?" என்று மனைவி கேட்டாள்.

அந்தப் பெண் டாக்டர் தன் விலா எலும்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "இங்க, நுரையீரலுக்குக் கீழ ஒரு தசை இருக்கும்மா. உதரவிதானம்னு சொல்வாங்க. மூச்சை இழுக்கிறதே முக்கியமா அதுதான். செப்சிஸ் அதோட பலத்தை உறிஞ்சிடுச்சு. அந்த நிலைமையில அவர் மூச்சு வாங்கினதை அப்படியே விட்டிருந்தா அது இன்னும் மோசமாச் சிதைஞ்சிருக்கும். முதல்ல மெஷின் அதுக்கு ஓய்வு குடுத்துக் காப்பாத்திச்சு. ஆனா ஓய்வு நீண்டுபோனா அதுவே கெடுதல். வேலை இல்லாத தசை மெலிஞ்சிடும். ஸ்கேன்ல பார்த்தோம், ரொம்ப மெலிஞ்சிருக்கு."

பக்கத்தில் நின்ற மனைவியின் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். ஆகவே மருத்துவமும் தெரிந்தவர். "பலவீனமா இருக்குன்னா ஓய்வுதானே குடுக்கணும்? மெஷினை முழுசா ஓட விடுங்க. மாப்பிள்ளையை ஏன் வதைக்கிறீங்க?" என்று கத்தினார்.

"அண்ணே, அவங்க என்ன சொன்னாங்க, உங்க காதுல என்ன விழுந்துச்சு?" என்றாள் மனைவி. "போய்க் கடையைப் பாருங்க. இங்க நான் இருக்கேன்."

அண்ணன் கோபித்துக்கொண்டு போனார். வார்டில் காற்று கொஞ்சம் தாராளமானது.

கழுத்தில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். தினமும் கொஞ்ச நேரம் மெஷினின் உதவியைக் குறைத்தார்கள். தசை தானாக இழுக்க வேண்டும், களைத்துப்போவதற்குள் மெஷின் தாங்கிக்கொள்ளும். பெயில் சார் அழுதார். உதட்டை அசைத்து, "முடியலை" என்றார்.

"முடியும். இழுங்க" என்றாள் மனைவி. அவள் குரலில் பரிவும் இருந்தது, பழைய கணக்கும் இருந்தது.

அவரை வண்டியில் கொண்டுவந்து சேர்த்தது யார் என்பதை அந்த நாட்களில் ஒருநாள் அவள் சொன்னாள். நன்றியில் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தாள். அவர் உதடு மெதுவாகக் கேட்டது: "லைசென்ஸ் இல்லாமலா?"

ஒருவழியாக மெஷின் கழன்றது, குழாய் போனது, கழுத்துத் துளை மூடியது. வீட்டுக்கு அனுப்பும்போது, மூச்சை இழுத்துப் பழக ஓர் ஊதுகுழல் போன்ற கருவியைக் கொடுத்தார்கள். ஸ்பிரிங் சரியில்லை என்று முதல் நாளே தீர்ப்புச் சொன்னார். மாடிப்படி ஏறினால் இளைத்தது. நோய் மனிதனைத் திருத்தும் என்று நம்புகிறவர்கள் அவரைப் போய்ப் பார்க்காமல் இருப்பது நல்லது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "மெஷினையே ஜெயிச்சு வந்தேன். டாக்டருங்க சும்மா வேடிக்கை பார்த்தாங்க" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். பத்து நாள் கழித்துத்தான் வருவேன் என்று வாசலில் நின்று சொன்னாள். திட்ட வாயைத் திறந்தார். அவள் தெருமுனை திரும்பும்வரை மூச்சு சேரவில்லை.

மைதானத்து வெயிலில் இனி முடியாது என்று முன்கூட்டியே ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டார். அலுவலகத்தில் பிரிவு உபசாரம் வைத்தார்கள். நீண்ட உரை ஒன்றைத் தயாரித்துப் போயிருந்தார். நாற்காலிகள் வரிசையாக இல்லை என்றார். மைக் சரியில்லை என்றார். அதோடு மூச்சு தீர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சிலர் அதற்குள் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர ஆரம்பித்திருந்தார்கள். எல்லாம் தன் மேல் வைத்த மரியாதை என்று நினைத்து, பெயில் சார் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார்.