கதவடைப்பு என்று சொல்லாத வாய்

தமிழ் வானொலியில் பத்து வருடம் செய்தி வாசித்தவன் நான். ரொறன்ரோவில் ஆங்கிலம் கலக்காமல் தமிழ் பேசுகிற ஒரே வாய் என்னுடையதுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு. நினைப்பென்ன, தலைக்கனம்.

அந்த இலையுதிர் காலத்தில் ஹொக்கி அணி முதலாளிமாருக்கும் வீரர்களுக்கும் ஒப்பந்தம் சரிவரவில்லை. வீரர்கள் விளையாட ஆயத்தமாகத்தான் நின்றார்கள். அரங்குகளைப் பூட்டியது முதலாளிமார். இதற்குத் தமிழில் கதவடைப்பு என்று அருமையான சொல் இருக்கிறது. எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கதவடைப்பு என்றால் சனத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும், வேலைநிறுத்தம் என்றால் சட்டென்று விளங்கும். ‘ஹொக்கி அரங்கில் வேலைநிறுத்தம்’ என்று வாசித்தேன். அதோடு விட்டேனா? கோடி கோடியாக எடுப்பவர்களுக்கு இன்னும் காணாதாம், பேராசை பெருநட்டம் என்று ஒரு பழமொழியையும் அவிழ்த்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அறிவிப்பாளர் சிரித்தார். ஒரு கிழமை முழுக்க அப்படியே வாசித்தேன்.

அந்தக் கிழமை முடிய ஒரு பெண் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணை, நான் சென் ஜேம்ஸ் ரவுணில இருந்து கதைக்கிறன். ஹொக்கி அரீனாவில சிப்ஸ் பொரிக்கிற வேலை எனக்கு. நாங்கள் ஸ்ரைக் செய்யேல்லை அண்ணை. அவங்கள் பூட்டிப்போட்டாங்கள். மச் இல்லாட்டி எங்களுக்கு வேலையும் இல்லை.”

ஸ்காபரோவில் கலியாணம், விழாக்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு தமிழ் கேற்றறிங்காரரிடம் வேலை கேட்டுப் போனாளாம். அரீனாவில் வேலை செய்தவள் என்றதுமே அவர் கையை விரித்துவிட்டாராம்.

“‘அங்கை ஸ்ரைக் செய்துபோட்டு இஞ்சை வாறியளோ? நாளைக்கு என்ர கிச்சினிலையும் கொடி பிடிப்பியள்’ எண்டு சொல்லிப்போட்டார். நீங்கள் வாசிச்சதைக் கேட்டவராம். மரண அறிவித்தலுக்கு முன்னாலை ஒருக்கால் திருத்திச் சொல்லுங்கோ அண்ணை. அந்த நேரம்தான் எல்லாரும் கேப்பினம். அவரும் கேப்பார்.”

அவள் சொன்னது உண்மை. செய்தியை யார் கேட்கிறார்கள்? யார் செத்தது, எங்கே பார்வைக்கு வைக்கிறார்கள் என்று அறியத்தான் எங்கள் சனம் வானொலியின் சத்தத்தைக் கூட்டும். ஆனால் சிப்ஸ் பொரிக்கிற ஒருத்தி எனக்குத் தமிழ் திருத்துவதோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தங்கச்சி, ஸ்ரைக்கோ லொக்கவுட்டோ, எப்பிடியும் வேலை நிக்குதுதானே. உது ஒரு பெரிய விசயமே?” என்றேன். ஆங்கிலம் கலக்காத வாய்!

“உங்களுக்குப் பெரிய விசயமில்லைத்தான்,” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் திருத்தம் வாசித்தேன். மரண அறிவித்தலுக்கு முன்னால் அல்ல. எல்லாம் முடிந்து, காலநிலையும் முடிந்து, கடைசியில் ஒரே மூச்சில்: ‘வேலைநிறுத்தம் என்பதைக் கதவடைப்பு எனத் திருத்தி வாசிக்கவும்.’ கேட்டுக்கொண்டிருக்கிறவன் எதைத் திருத்தி வாசிப்பது? அதற்குள் சனம் வானொலியை நிறுத்தியிருக்கும். அது தெரிந்துதான் அங்கே வைத்தேன். சீ!

குளிர்காலத்தின் நடுவில் முதலாளிமாரும் வீரர்களும் சமாதானமாகி, ஆட்டம் தொடங்கியது. என் பிறந்தநாளுக்கு மகள் ரிக்கெற் எடுத்துத் தந்தாள். இடைவேளையில் இருவரும் சிப்ஸ் வாங்க வரிசையில் நின்றோம். கவுண்டருக்குள் வலைத்தொப்பி போட்ட ஒரு தமிழ்ப் பெண்.

“ரெண்டு சிப்ஸ் தாங்கோ, தங்கச்சி,” என்றேன்.

அவள் கை நின்றது. “உங்கட குரல் ரேடியோவில செய்தி வாசிக்கிற அண்ணையின்ர குரல் மாதிரிக் கிடக்கு.”

அவள் குரலும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நான்தான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

“இல்லை. கனபேர் அப்பிடித்தான் சொல்லுறவை,” என்றேன். மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“ஓமோ,” என்றபடி அவள் இரண்டு பெட்டிகளையும் என் பக்கம் தள்ளினாள். “அந்த அண்ணையை எங்கையும் கண்டால் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ. கேற்றறிங்காரர் கோயிலில கண்டாலும் இன்னும் என்னை ஸ்ரைக்காரி எண்டுதான் கூப்பிடுறார். சனமும் சிரிக்குது.”

“சொல்லுறன்,” என்றேன்.