ஃப்ரெட் இல்லாத கிட்டாரும் மச்சானின் இடது கையும்

என் மனைவியின் தம்பிக்கு ஓர் இடது கை இருக்கிறது. எல்லோருக்கும் இருப்பதுதானே என்பீர்கள். அவன் கீபோர்டு வாசிப்பவன். வலது கை பாட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, அதற்கு அடியில் ஓடும் கனத்த பேஸ் ஒலியையும் இடது கையால் சேர்த்து வாசித்துவிடுவான். நான் அதே இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். என் பயம் இப்போது புரிந்திருக்கும். ஒரு முழு ஆளின் வேலையை இன்னோர் ஆளின் பாதி உடம்பு, அதுவும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் பாதி, பறிக்கப் பார்க்கிறது என்றால் தூக்கம் எங்கிருந்து வரும்?

எங்களுடையது பெரிய குழு இல்லை. பகலில் நான் ஈப்போவில் வீடுகளைக் குளிரவைக்கும் ஏர்கோன் விற்கிறேன். மச்சான் ஒரு லாரி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். பாடுகிறவர்தான் தலைவர், வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணே. டிரம்ஸ் அடிக்கும் நான்காவது ஆளுக்கு எந்த விஷயத்திலும் கருத்து கிடையாது. கல்யாண விருந்து, பிறந்தநாள், எப்போதாவது கோயில் திருவிழா என்று சிலிம் ரிவருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவில் எங்கள் வேன் நிற்காத மண்டபம் குறைவு.

பிரச்சினை என் டோன். ஒரு நாள் ஒத்திகை முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணே அதை எடுத்தார்.

“ஒன் பேஸு பக்கத்து வீட்டு டீவி மாதிரி இருக்கு தம்பி. சத்தம் வருது. என்ன சொல்றான்னுதான் தெரியல.”

மச்சான் கீபோர்டுக்கு உறை போட்டபடி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான். அண்ணே மேலும் சொன்னதன் சுருக்கம் இது: மச்சானின் இடது கை தெளிவாகப் பேசுகிறது. இரண்டு வாரத்தில் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண விருந்து இருக்கிறது. அன்றைக்கு என் பேஸைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பார். சரியாக வரவில்லை என்றால் இனிமேல் மச்சானே இரண்டையும் பார்த்துக்கொள்வான், வேனிலும் கால் நீட்ட இடம் கிடைக்கும்.

மனிதன் தன் விரல்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் சந்தேகிப்பான். நான் தந்திகளைச் சந்தேகித்துப் புதுசு மாற்றினேன். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைச் சந்தேகித்து, திருகாணியைத் திருகி மேலே ஏற்றினேன். ஏற்றிய வேகத்தில் அது தந்தியிலேயே போய் இடித்து, பேஸ் ஒவ்வொரு முறையும் தும்மியது. டோன் குமிழை ஒரு பக்கம் திருப்பினால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது, மறுபக்கம் திருப்பினால் தகர டின்னைத் தட்டுவதுபோல் கேட்டது. கடைசியில் கிட்டாரே சரியில்லை என்று தீர்ப்பு எழுதி, ஒரே நாளில் விற்றுவிட்டேன். அடுத்ததை வாங்கிய பிறகு இதை விற்க வேண்டும் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு.

தஞ்சோங் மாலிமில் ஒரு பெண்மணி தன் கணவரின் பேஸ் கிட்டாரை விற்பதாக ஃபோனில் ஒரு படம் பார்த்தேன். மங்கலான படம். கழுத்துப் பகுதி அவ்வளவு வழுவழுப்பாக, சுத்தமாக இருந்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போன நேரம் பேய் மழை, கரண்ட் வேறு இல்லை. கார் நிறுத்தும் இடத்தில் அரை இருட்டில் நின்று நான் அதை நிபுணனைப் போலப் பரிசோதித்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். முறுக்காணிகளைத் திருகினேன். குமிழ்களைச் சுழற்றினேன். பின்பக்கத்தைத் தட்டிக்கூடப் பார்த்தேன், தர்பூசணி வாங்குவதுபோல. அந்த அம்மாள் மரியாதையாகக் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் தெரிந்தது, அதில் ஃப்ரெட் இல்லை. ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் ஏணிப் படிபோல் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை. எந்தச் சுருதி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அதுதான் காட்டும். என் கையில் இருந்தது வெறும் கறுப்புப் பலகை. இப்படி ஒரு வகை உண்டு என்பதும் அதைக் காது கூர்மையானவர்கள்தான் வாசிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். யானை என்று ஒன்று உண்டு என்பதும்தான் தெரியும். வீட்டில் கட்டிவைக்கும் உத்தேசம் இருந்ததில்லை.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கரண்ட் இல்லாத வீட்டு வாசலிலேயே அதைப் படம் எடுத்து, குழுவின் வாட்சப்பில் பெருமையாகப் போட்டுத் தொலைத்திருந்தேன். மச்சான் உடனே, “மச்சான், ஃப்ரெட் எங்க?” என்று கேட்டிருந்தான். வீட்டுக்கு வந்துதான் அதைப் பார்த்தேன், பதறிப்போய், “இது புரொஃபெஷனல்ஸ் வாசிக்கிறது லா” என்று எழுதினேன். அண்ணே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதன் பிறகு எந்த முகத்தோடு தஞ்சோங் மாலிமுக்குப் போவது?

என் மனைவியின் ஒட்டுப்பொட்டு அட்டைகள் கண்ணாடி மேசையில் எப்போதும் இருக்கும். சிவப்பு வட்டப் பொட்டு, நல்ல பசை. விரல் வைக்க வேண்டிய இடங்களில் எல்லாம் பொட்டு ஒட்டிவிட்டால் பட்டை எதற்கு? ஒரு பேஸ் கழுத்தின் படத்தை இணையத்தில் தேடி, உண்மை அளவுக்குப் பெரிதாக்கி, ஏர்கோன் கடையின் பிரிண்டரில் துண்டு துண்டாக அச்சிட்டு, ஒட்டி, கழுத்தோடு வைத்துப் பார்த்தேன். கச்சிதம். என் பழைய கிட்டாரில் விரல் எங்கே வைப்பேனோ அங்கெல்லாம், அதாவது இரண்டு பட்டைகளுக்கு நடுவே, குறி வைத்தேன். ஒட்டியவள் மனைவி. அவள் கைக்கு நெற்றி நடுவைக் கண்டுபிடித்துப் பழக்கம்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். வியர்வையில் பொட்டு விழுந்துவிடும் என்று ஒவ்வொன்றின் மேலும் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு தடவை பூசிக் காயவைத்தாள். பிறகு, புது சாமான் என்பதால் திருஷ்டி படக்கூடாது என்று, கழுத்தின் மேல்கோடியில் மினுக்கும் கல் வைத்த பெரிய கறுப்புப் பொட்டு ஒன்றை வைத்தாள். முதல் நாள் பயிற்சியில் நான் அந்தத் திருஷ்டிப் பொட்டையும் ஒரு சுரம் என்று நினைத்து வாசித்தேன்.

ஆனால் திருஷ்டிப் பொட்டை விட்டு வாசித்தாலும் எதுவோ சரியில்லை. ஃபோனில் பாட்டைப் போட்டுக் கூடவே வாசித்தேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, பாட்டுக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். எல்லாச் சுரங்களும் ஒரே அளவு கீழே இறங்கிக் கிடந்தன. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. பட்டை உள்ள கிட்டாரில் இரண்டு பட்டைகளுக்கு நடுவில் எங்கே அழுத்தினாலும் போதும், சுருதியைப் பட்டை பார்த்துக்கொள்ளும். பட்டை இல்லாததில் விரல்தான் பட்டை. பொட்டெல்லாம் பட்டை இருந்திருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் அரை ஃப்ரெட் தள்ளி ஒட்டவைத்திருந்தேன். நகப்பூச்சு போட்டு. சுரண்டினால் பலகையே கையோடு வரும்போல இருந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் தோல்வியை ஒப்புக்கொள்வான். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாம் அரை ஃப்ரெட் கீழே இருக்கிறது என்றால், நான்கு தந்திகளையும் அரை ஃப்ரெட் மேலே முறுக்கிவிட்டால் போயிற்று. முறுக்கினேன். சரியாக வந்தது. சுருதி பார்க்கும் கருவியில் சரியென்றால் பச்சை விளக்கு எரியும். என் கிட்டாரில் பச்சை எரியவே கூடாது, முள் அடுத்தடுத்த இரண்டு சுர எழுத்துகளுக்கும் நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. விரல் வைக்காமல் எந்தத் தந்தியையும் ஒலிக்கவிடக் கூடாது. விரலை எடுத்தால் தந்தி தன் உண்மையான சுருதியைச் சொல்லிவிடும். அது மற்ற எல்லோரையும்விட அரை ஃப்ரெட் மேலே இருக்கும்.

ஒத்திகையில் பொட்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருக்க முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அண்ணே காரணம் கேட்டார். புரொஃபெஷனல்ஸ் இப்படித்தான் என்றேன். டோன் மட்டும் உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது. பட்டை இல்லாததால் ஒவ்வொரு சுரமும் வாயைத் திறந்து மூடுவதுபோல் ‘ம்ம்வா’ என்று வந்தது. அண்ணே தலையை ஆட்டினார், ஆனால் சனிக்கிழமை பார்க்கலாம் என்றார்.

சனிக்கிழமை மண்டபத்தில் முதல் சில பாட்டுகளை நன்றாகவே ஒப்பேற்றினேன். மனைவி முதல் மேசையில், மேடைக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வந்ததும் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, சுழலும் வண்ண விளக்கைப் போட்டார்கள். சிவப்பு விழுந்தபோது பொட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. நீலம் விழுந்ததும் கறுப்பாகி, கறுப்புப் பலகையோடு கரைந்துபோயின. ஆகையால் சிவப்பில் ஓடினேன், நீலத்தில் நின்ற இடத்திலேயே நின்றேன். பேருந்துக்காக ஓடி ஓடி நிற்கிறவனைப் போல இருந்திருக்கும் என் வாசிப்பு. டிரம்ஸ்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கருத்துச் சொல்லவில்லை.

கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா மேடை ஏறினார். பின்னாலேயே தட்டில் பொன்னாடையும் ரோஜா மாலையும் வந்தன. கலைஞர்களைக் கௌரவிக்கப் போகிறாராம். பாட்டு முடியும்வரை காத்திருக்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு ஏது? அண்ணே பாடிக்கொண்டே குனிந்து போட்டுக்கொண்டார். அடுத்து நான். தோளில் பொன்னாடை விழுந்தது. கழுத்தில் மாலை விழுந்தது. அவர் கைகூப்பினார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் பதிலுக்குக் கும்பிட்டேன். இரண்டு கையாலும்.

விரல் விலகியதும், தடித்த தந்தி தன் உண்மையைச் சொன்னது. சத்தத்தை அன்றைக்குத் தாராளமாகத்தான் ஏற்றிவைத்திருந்தேன். துறைமுகத்தில் கப்பல் கூப்பிடுவதுபோல் அது ஊதியது. பாட்டு ஒரு சுருதியில், நான் அரை ஃப்ரெட் மேலே. அண்ணேயின் குரல் வழுக்கியது. மாலை கிட்டாரின் மேல் புரண்டு கிடந்ததால் பொட்டுகள் எதுவும் தெரியவில்லை. கும்பிட்ட கையைப் பிரிக்கவும் எனக்குத் தோன்றவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். வேனில் கால் நீட்டப் போகிறார்கள்.

அப்போது கீபோர்டின் சுருதி மேலே வந்தது. மொத்தமாக, வழுக்கிக்கொண்டு, என் தந்தி இருந்த இடத்துக்கே வந்து நின்றது. கீபோர்டின் இடது ஓரத்தில் சுருதியை வளைக்கும் சிறு சக்கரம் ஒன்று உண்டு. கையை எடுத்தால் பழைய இடத்துக்குத் துள்ளி ஓடிவிடும், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மச்சான் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். இடது கையால். அண்ணே அனுபவஸ்தர், அடுத்த வரியை அந்த உயரத்திலேயே எடுத்துவிட்டார். எனக்கு இப்போது பொட்டு எதுவும் உதவாது. சரியாக இருந்தது விரல் வைக்காத அந்த ஒரே தந்திதான். பாட்டு முடியும்வரை அதை மட்டும் தட்டிக்கொண்டே நின்றேன். மச்சானின் மணிக்கட்டு நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

கீழே இறங்கியதும் அண்ணே என்னை நோக்கி வந்த நடை நல்ல நடை இல்லை. ஆனால் பெண்ணின் அப்பா முந்திக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

“நான் மால போட்ட நேரம் பாத்து பாட்டயே மேல தூக்கினீங்களே, ஒடம்பெல்லாம் புல்லரிச்சிப் போச்சி. அடுத்த வருஷம் சின்னவ கல்யாணம். அப்பவும் இதே மாதிரி தூக்கணும், சொல்லிட்டேன்.”

அண்ணே என்னைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஊத ஓர் ஆள் வேண்டும், தூக்க ஓர் ஆள் வேண்டும்.

“செஞ்சிரலாங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சாப்பிட்டுவிட்டு வந்து ஸ்பீக்கரை வேனில் ஏற்றச் சொன்னார். குழுவில் இல்லாதவனிடம் யாரும் ஸ்பீக்கர் ஏற்றச் சொல்வதில்லை. எனக்குப் பசியே போய்விட்டது, இருந்தாலும் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மச்சான் ஐஸ் தண்ணீர் டம்ளரை மணிக்கட்டில் வைத்து உருட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் அந்தச் சக்கரத்தைத் தொடாமல் சும்மா இருந்திருந்தால் என் இடம் அவனுக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் பிடித்தாய் என்று கேட்டேன்.

“அக்கா மொத டேபிள்ல உக்காந்துக்கிட்டு என்னையே பாத்துச்சி லா” என்றான். “உங்கள பாக்கவே இல்ல.”

திரும்பிப் பார்த்தேன். மனைவி தட்டில் இன்னொரு கோழித் துண்டை வைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். வந்து, அதைத் தம்பியின் முன்னால் வைத்துவிட்டு, வலது கையால் சாப்பிடு என்றாள்.