செவ்வாய்க்கிழமை அளந்த இடம்

எங்கள் தெருவில் லாண்டரி அக்காவை வம்புக்கு இழுத்தவர் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, மருத்துவமனை விரிப்புகளை வெளுத்து வீட்டுக்குப் பின்னால் கொடிகட்டி உலர்த்துவதுதான் அவர் பிழைப்பு. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.

மேம்பாலத்துக்கு நிலம் எடுக்க அளக்க வந்தவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து வந்தார்கள். கொடியில் ஒரு துணிகூட இல்லை. பின்பக்கத்தைக் காலி இடம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு இழப்பீடு உண்டு, தொழிலுக்குக் கிடையாதாம்.

"வேலை நாள்ல வந்து பாருங்க" என்று அக்கா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். எல்லோரும் கையை விரித்தார்கள்.

"விட்டுத் தள்ளு. பாலம் வந்தா ஊருக்கு நல்லதுதானே" என்றார் கணவர்.

"பாலம் வேணாம்னு யார் சொன்னா? நம்ம வயித்துல அடிச்சுட்டுக் கட்டாதீங்கன்னுதான் சொல்றேன்."

அடுத்த திங்கட்கிழமை காலையில் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினால், அலுவலக முற்றத்தில் மரத்துக்கு மரம் கொடி. வாசலை மறைத்து ஈர விரிப்புகள் தொங்கின. அக்காவும் நாத்தனாரும் இன்னொன்றை உதறிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி குனிந்து நுழையப் பார்த்தார். பிடரியில் தண்ணீர் சொட்டியது.

"என்னம்மா இது? யாரைக் கேட்டு இங்க காயப்போடுறீங்க?"

அக்கா வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினார்.

"நேத்து ஞாயித்துக்கிழமை வந்து பார்த்தேன் சார். ஒருத்தரும் இல்ல. காலி இடம்னு எழுதிக்கிட்டேன்."