ஒரு வாய் மஞ்சள் வைன்

காரில் ஐந்து பேர். ஓட்டியவர் நான் கட்டிக்கொள்ளப்போகிறவனின் தகப்பனார்; பிரெஞ்சுக்காரர், நாங்கள் அவரை மிஸ்யூ என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்தில் என் அப்பா. பின்னால் நடுவில் நான், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அவன். சுவிஸில் நாங்கள் இருக்கும் லா ஷோ-து-ஃபோனிலிருந்து பிரான்ஸ் எல்லையைத் தாண்டி, ஜூரா மலையின் வளைவுகளில் திரும்பித் திரும்பிப் போனோம். காலை அசைக்க இடமில்லை. வாயை அசைக்கவும் வழியில்லை. வீட்டுப் படியிறங்கும்போதே அம்மா சொல்லிவிட்டாள்: "அப்பான்ர பழைய கதை ஒண்டும் அங்க கதைக்கக் கூடாது."

பழைய கதை இதுதான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா மொடாக்குடியர். கடிகாரத் தொழிற்சாலையில் கை நடுங்கி, வேலை போகிற கட்டத்துக்கு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியவர். இனி ஒரு மிடறு உள்ளே போனாலும் நிற்பாட்ட ஏலாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அப்பா தொட்டதில்லை. இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் வைன் கிராமத்துக்கு ஏற்றிக்கொண்டு போனோம். பெண் வீட்டாருக்குத் தான் பிறந்த ஊரைக் காட்ட வேண்டும் என்பது மிஸ்யூவின் ஆசை. வர முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல அம்மா விடமாட்டாள். அவளுடைய கௌரவத்துக்குள் நாங்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

கிராமம் பாறையின் விளிம்பில் இருந்தது. மத்திய காலத்து மதில், கல்லாலேயே கூரை வேய்ந்த தேவாலயம், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள். மிஸ்யூ எங்களை நேரே தன் குடும்பத்து நிலவறைக்குக் கூட்டிப் போனார். குனிந்து இறங்கினோம். வெக்கை உள்ளே வந்துவிடும் என்று கதவைச் சாத்தினார். எனக்கு மூச்சு முட்டியது.

அந்த ஊரின் பெருமை மஞ்சள் வைன். ஆறு வருடத்துக்கு மேல் பீப்பாயில் கை வைக்காமல் விடுவார்களாம். மிஸ்யூ முதல் கிண்ணத்தை அப்பாவிடம் கொடுத்தார். பிறகு தானும் மகனும் ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, மூலையில் இருந்த வாளியில் துப்பிக் காட்டினார்கள். சுவை பார்ப்பதென்றால் இங்கே அப்படித்தான்.

எங்களில், சம்பந்தம் பேசப்போன இடத்தில் கொடுப்பதை வாயில் வைக்காவிட்டால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா கிண்ணத்தை இரண்டு கையாலும் உயர்த்தி ஒரு வாய் எடுத்தார்.

"துப்புங்கோ அப்பா, இஞ்ச அது பிழையில்லை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். மாப்பிள்ளையின் தகப்பன் கையால் கொடுத்ததை அவர் முகத்துக்கு முன்னாலேயே துப்புவதா? அவர் துப்பவில்லை. விழுங்கவுமில்லை. கன்னம் இரண்டும் லேசாக உப்பியபடி நின்றார்.

மிஸ்யூவுக்கு ஒரே சந்தோஷம். "பார், உன் அப்பாதான் உண்மையான ரசிகர். எவ்வளவு நேரம் வாயில் வைத்திருக்கிறார்" என்று பிரெஞ்சில் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஊர் சுற்றல் தொடங்கியது. கன்னியாஸ்திரிகள் இருந்த மடம், அவர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லும் திராட்சைக் கொடி, பழைய கோட்டையின் மிச்சம் என்று மிஸ்யூ ஒன்றையும் விடாமல் காட்டினார். நான் எதையும் பார்க்கவில்லை. அப்பாவின் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். அது ஒருமுறை ஏறி இறங்கினால் எங்கள் வீட்டில் பழைய நாட்கள் திரும்பிவிடும். ஒதுங்கித் துப்பலாம் என்றால் சந்துக்குச் சந்து உல்லாசப் பயணிகள். கேள்வி கேட்டால் அப்பா தலையாட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. மிஸ்யூ அதைத் தேவாலயத்தின் அழகுக்குக் கணக்கு வைத்தார்.

மதிலுக்கு வெளியே, கொடித் தோட்டத்தின் ஓரத்தில் மிஸ்யூ நின்றார். அப்பாவை நேராகப் பார்த்து, "பிள்ளைகளுக்கு உங்கள் சம்மதம் உண்டா?" என்று கேட்டார்.

அப்பா விறுவிறென்று கொடிகளுக்குள் இறங்கிப் போனார். முதுகைக் காட்டியபடி குனிந்தார். மிஸ்யூவின் முகம் தொங்கிப்போனது. அம்மா கைப்பைக்குள் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அப்பா வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. நான் முந்திக் குடிச்சு அழிஞ்ச ஆள். ஒரு சொட்டும் விழுங்கேலாது."

"இஞ்சருங்கோ, வேண்டாம்" என்றாள் அம்மா.

"நீ சொல்லு பிள்ளை."

சொன்னேன். மிஸ்யூ நாங்கள் நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு தூரமும் வாயிலேயே வைத்திருந்தாரா? வாளி இருந்ததே, ஏன் துப்பவில்லை?" என்று கேட்டார்.

அப்பாவிடம் கேட்டேன். "சம்பந்தியின்ர வீட்டில எப்பிடித் துப்புறது?" என்றார்.

ஒரு வருடமாக அவனை 'அந்தப் பெடியன்' என்று மட்டும் சொல்லிவந்த மனிதர். அவர் வாயில் இப்போதுதான் சம்பந்தி என்ற சொல் வந்தது. எனக்கு மொழிபெயர்க்க வாய் வரவில்லை. மிஸ்யூ என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அம்மாதான் முன்னால் வந்தாள். தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பழகிய அரைகுறைப் பிரெஞ்சில், "அவர் ஓம் எண்டு சொல்லுறார், மிஸ்யூ" என்றாள்.